அத்தாவின் கட்டைவிரலும் ஜிலேபி மீனின் செதிலும்

என் வேலை என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. கல்யாண வீட்டில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒரு மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆராய்ச்சின்னா, மருந்து கண்டுபுடிக்கிறியாம்மா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். உடனே அம்மா குறுக்கே புகுந்து, "மீன் செதிலை வச்சு என்னமோ பாக்குறா, அதுக்கு மாசாமாசம் சம்பளமும் குடுக்குறாங்க" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றுவார். யார் மானத்தை என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நான் பார்ப்பது செல்கள் நகர்வதை. உடம்பில் இருக்கும் செல்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெள்ளை அணுக்கள் ஊர்ந்து போய்த்தான் கிருமியைப் பிடிக்கின்றன. காயம் பட்டால் அதன் ஓரத்தில் இருக்கும் தோல் செல்கள் மெல்ல ஊர்ந்து நடுவுக்கு வந்து மூடுகின்றன. கால் இல்லை, துடுப்பு இல்லை. இருந்தும் போகின்றன.

செல்லைச் சுற்றி மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. சவ்வு என்று பாடப்புத்தகம் சொல்லும். பள்ளியில் அதை ஒரு வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன். சும்மா நிற்கிற சுற்றுச்சுவர் என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் எந்தப் பக்கம் போவது என்ற முடிவே அங்கேதான் எடுக்கப்படுகிறது. சவ்வின் உள்பக்கத்தில் சில வகைக் கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றின் தலையில் ஒரு பாஸ்பேட்டைக் கூட்ட ஒரு புரதம், கழற்ற இன்னொரு புரதம். பெரும்பாலும், கூட்டிய பக்கம் செல்லுக்கு முன்பக்கம் ஆகிறது. கழற்றிய பக்கம் பின்பக்கம். முன்பக்கத்தில் வேறு சில புரதங்கள் வந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஆக்டினைக் கிளப்பிவிடும். ஆக்டின் என்பது மணிமணியாகக் கோத்து நீளும் இழை. அது கிளைவிட்டு வளர்ந்து சவ்வை உள்ளிருந்து தள்ளும். தள்ளப்பட்ட இடம் முன்னால் நீண்டு தரையைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் தன்னை இழுத்துக்கொண்டு வந்து சேரும். இதுதான் நடை.

இதில் என் பங்கு சின்னது. சவ்வையும் உள்ளே இருக்கும் இழைகளையும் தையல் போட்டதுபோல் சேர்த்துப் பிடித்துவைக்கும் சில புரதங்கள் உண்டு. தையல் இறுக்கமாக இருக்கும் இடத்தில் சவ்வு அசையாது. தளர்ந்த இடத்தில்தான் முன்னால் நீளும். அந்தத் தையல் எங்கே, எப்போது, யார் சொல்லித் தளர்கிறது என்பதை ஊரப்பாக்கம் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் கொளுத்தும்.

எங்கள் வீடு பம்மலில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் தோல் வியாபாரி. பதனிட்ட தோலை வாங்கி, தரம் பிரித்து, செருப்புக்கு மேல்பாகம் தைப்பவர்களுக்குக் கொடுப்பார். என் படிப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான்: "நானும் தோலுதான் பாக்குறேன், அவளும் தோலுதான் பாக்குறா. என்னுது நாறும், அவளுது நாறாது."

அந்தத் தோல் வியாபாரியைத்தான் செருப்பு கடித்தது. தன் அண்ணன் மகள் நிக்காஹுக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனார். அசல் ஆட்டுத்தோல், நண்பர் அன்பாகக் கொடுத்தது. வீட்டுக்குத் திரும்பியதும் டைல்ஸ் தரையில் கூடத்திலிருந்து சமையலறை வரை சிவப்புத் தீற்றலைப் பார்த்து அம்மாதான் அலறினார். அத்தா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். கட்டைவிரலின் பக்கவாட்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செருப்பு கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை வந்து பல வருடம் ஆகிவிட்டது. கால் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது என்று அவரே எப்போதோ சொன்னதுண்டு. 'கொஞ்சம்' என்றுதான் சொன்னார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சின்னக் காயம் என்று மஞ்சளும் களிம்புமாக வைத்துப் பார்த்ததில் அது ஆழமானது. தாம்பரத்தில் சர்க்கரைக் கால்களை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மென்மையாகப் பேசுகிறவர், ஆனால் எதையும் மறைக்கமாட்டார்.

"பாய், எலும்பு வரைக்கும் இன்னும் போகல. ஓரத்துலேர்ந்து புதுத் தோல் வளர்ந்து வந்து மூடணும். மூடிட்டா தப்பிச்சோம். மூடாம உள்ள போச்சுன்னா கட்டைவிரலை எடுக்க வேண்டியிருக்கும். விரலோட நிக்குமான்னும் என்னால உறுதி சொல்ல முடியாது."

காயத்துக்குப் போட்ட கட்டை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பிரிக்க வேண்டும், மருந்து வைத்து உடனே கட்டிவிட வேண்டும், தண்ணீர் படவே கூடாது என்றார். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டோவில் திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெரல் இல்லாம செருப்பு எப்டிமா நிக்கும் கால்ல?" என்று ஒருமுறை கேட்டார்.

அன்று சாயங்காலமே கட்டைப் பிரித்துவிட்டார்.

ஒளுவுக்கு. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ வேண்டுமல்லவா, கட்டோடு எப்படிக் கழுவுவது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைப் பிரித்து, குழாயைத் திறந்து, காலைக் கழுவிவிட்டுத் தானே திரும்பச் சுற்றிக்கொண்டு வந்தார். சுற்றத் தெரியாமல் சுற்றிய கட்டு தொழுது முடிப்பதற்குள் அவிழ்ந்து தொங்கியது. அடுத்த வேளையும் அப்படியே. அம்மா கத்திப் பார்த்தார். நான் கத்துவதில் அம்மாவுக்கு ஒரு படி மேல்.

"அத்தா, காயம் இருந்தா கட்டு மேல ஈரக்கையால தடவினாலே போதும்னு மார்க்கத்துலயே இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தெரியும்னு சொன்னேன்ல. நீ போய் உன் வேலையப் பாரு."

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தையே வீட்டுக்கு அழைத்தோம். அவர் டீ குடித்துவிட்டு, சலுகை கொடுத்திருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதுதான் நல்லது, உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று தன்மையாகச் சொன்னார். அத்தா "சரிங்க ஹஜ்ரத்" என்றார். அவர் தெருமுனை திரும்பியிருப்பாரோ இல்லையோ, குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் என்ன கழுவுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். முகத்துக்கும் கைக்கும் ஒரு நொடி, காலுக்கு மட்டும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். தோல் வியாபாரத்தில் ஒரு விலை சொன்னால் இறங்காத மனுஷன், காலிலும் அதையே காட்டுகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்தமுறை போனபோது டாக்டர் காயத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வளர்ந்த அடையாளமே இல்லை. இப்படியே இருந்தால் விரலைப் பற்றி முடிவெடுத்துவிட வேண்டும் என்றார்.

எனக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல் இருந்தது. காலையிலிருந்து மாலை வரை செல்கள் ஊர்வதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டில், என் அத்தாவின் காலில், அதே வேலையைச் செய்ய முயல்கிற செல்களை ஐந்து வேளையும் அவர் குழாயைத் திறந்து அடித்து விரட்டிக்கொண்டிருக்கிறார். சொன்னால் கேட்கமாட்டார். காட்டிவிடுவது என்று முடிவு செய்து, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, நம்ம ஜிலேபி மீனு! கொழம்பு வைக்கிற மீனை வச்சிக்கினா இத்தினி வருஷமா படிச்சிக்கினு கீறே?"

"அதேதான். பேசாம பாருங்க."

மீனின் செதிலில்தான் நாங்கள் பார்க்கும் செல்கள் இருக்கின்றன. வேகமாக ஊரக்கூடியவை, உட்கார்ந்து பார்த்தால் கண்ணெதிரே நகர்வது தெரியும். ஒரு மீனை ஈரத்துணியில் பிடித்து, இடுக்கியால் இரண்டு செதில்களை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன். கோபமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மூலைக்குப் போய்விட்டது. செதில்களைத் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து, சத்து நீர் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைச் சாத்தினேன். இதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. யாரும் தட்டைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, நீரை மாற்றக்கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களின் கை சும்மா இருக்காது, சுத்தம் செய்கிறேன் என்று நீரை மாற்றிவிட்டு, செல்லே வரவில்லை அக்கா என்று என்னிடமே வந்து நிற்பார்கள். நான் அவர்களுக்குக் கொடுக்கிற டோஸ் கூடத்தில் பிரசித்தம்.

கீழே போய் டீ குடித்துவிட்டு, அத்தா மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்துவதற்குள் மேலே வந்தோம். முதல் தட்டை நுண்ணோக்கியில் வைத்து, பக்கத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

செதிலின் ஓரத்திலிருந்து செல்கள் கிளம்பியிருந்தன. முன்னால் சில தனியாக, பின்னால் ஒரு கூட்டம் விரிப்புபோல் ஒன்றை ஒன்று பிடித்தபடி. ஒவ்வொன்றின் முன்பக்கமும் விசிறியாக விரிந்து, கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போனது. அத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரு தள்ளிவுடுறா இதுங்கள?"

"யாரும் இல்ல. உள்ளயே ஒரு இழை வளர்ந்து தள்ளுது. எந்தப் பக்கம் தள்ளணும்னு மேல இருக்கிற கொழுப்பும் புரதமும் சொல்லுது."

"சுபுஹானல்லாஹ்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க கால்லயும் காயத்தோட ஓரத்துல இதேதான் அத்தா நடக்குது. மீன் செல் வேகமா போகும், நம்மளுது மெதுவா போகும். நடை ஒண்ணுதான். இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது தட்டை வைத்தேன். அதிலும் செல்கள் கிளம்பியிருந்தன. வில்லையை நீக்கிவிட்டு, ஒரு குழலில் சத்து நீரை எடுத்துச் செதிலின் ஓரத்தில் வேகமாகப் பீய்ச்சினேன். திரையில் எல்லாம் கலங்கியது. தெளிந்தபோது விரிப்பின் முன்வரிசை பிய்ந்து போயிருந்தது. விசிறியாக விரிந்திருந்தவை சுருண்டு உருண்டையாகி மிதந்தன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு அசையாமல் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து அவற்றில் ஒன்று மறுபடியும் மெல்ல ஓரத்தை நீட்ட ஆரம்பித்தது. நான் மறுபடியும் நீரைப் பீய்ச்சினேன். வேண்டுமென்றேதான்.

"போதும்மா," என்றார் அத்தா. "வுட்டுடு அத."

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தாலும், பட்டால்தான் புரியும் என்று ஒரு திருப்தியும் இருந்தது. பிறகு அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதுங்களுக்குத் தொட்டா தெரியுமா?"

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரியும் அத்தா, நன்றாகவே தெரியும் என்று ஆரம்பித்தேன். சவ்வை இழுத்துப் பிடித்தால் அதில் விறைப்பு ஏறும், அந்த விறைப்பு செல் முழுக்கப் பரவும், முன்னால் தள்ளுவதை நிறுத்தலாமா தொடரலாமா என்று அதைவைத்தே செல் தீர்மானிக்கும், தரை கெட்டியா மெத்தென்று இருக்கிறதா என்பதுகூட அதற்குத் தெரியும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"நரம்பு இல்லாமயே?"

"நரம்பே வேணாம் அத்தா இதுங்களுக்கு."

"குடுத்து வச்சதுங்க," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

அன்று லுஹருக்கு ஆய்வுக்கூடத்தின் கைகழுவும் தொட்டியில் முகமும் கையும் கழுவி, தலை தடவி, இடது காலைக் கழுவிவிட்டு, வலது காலில் கட்டின்மேல் ஈரக்கையால் தடவினார். குனிந்து தடவும்போது வேறு எங்கோ பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வேளைகூட அவர் கட்டைப் பிரிக்கவில்லை. அம்மா காலையில் பிரித்து மருந்து வைத்துக் கட்டுவார். வீட்டில் குழாய்ச் சத்தம் நின்றுபோனது. மாத்திரையும் நேரத்துக்கு உள்ளே போனது, இனிப்பு வெளியே நின்றது. அதையும் சொல்ல வேண்டும், எல்லாப் பெருமையையும் என் மீனே வாங்கிக்கொள்ளக் கூடாது.

காயத்தின் ஓரத்தில் முதலில் ஒரு மெல்லிய வெளிர்சிவப்புக் கோடு வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பயந்து எனக்குப் போன் செய்தார். நான் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆய்வுக்கூடத்து வராந்தாவில் நின்று அழுதேன். எத்தனையோ செல்களை எத்தனையோ திரைகளில் பார்த்திருக்கிறேன், எதற்காகவும் அழுததில்லை. கோடு நாளடைவில் பட்டையானது, பட்டை நடுவைத் தொட்டது. டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், வெரல் உங்களுதுதான். வச்சுக்கங்க" என்றார். கட்டு வேண்டாம், தண்ணீர் படலாம், ஆனால் புதுத்தோல் என்பதால் சூடுமட்டும் படவே கூடாது என்று என்னைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போக அத்தா வெள்ளை ஜிப்பா போட்டுத் தயாராகிவிட்டார். ஒளு மட்டும்தான் பாக்கி. வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். தானே செய்துகொள்ளக்கூடியவர்தான், இருந்தாலும் அன்று நான் ஊற்ற வேண்டுமாம். எனக்கும் அது வேண்டியிருந்தது. முகமும் கையும் உள்ளேயே கழுவிவிட்டு வந்திருந்தார், கால்கள் மட்டும் மிச்சம்.

குழாயைத் திறந்து மக்கில் பிடித்து வலது காலில் ஊற்றினேன். தண்ணீர் கட்டைவிரல்மேல் விழுந்து வழிந்து ஓடியது. அத்தா காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"அப்பாடா. நல்லா ஜில்லுனு கீதும்மா."

ஊற்றிய தண்ணீர் அதற்குள் தரையில் ஓடி வந்து என் காலைத் தொட்டது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் அது. சுட்டது.

மக்கை அப்படியே நிறுத்தினேன். எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஐந்து வேளையும் அவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட்டு அவர் காலைக் கழுவிக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் படுவது இந்த வேளையாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கச் சட்டம் தெரியாமலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கால் அவரைவிட்டுப் போய்விட்டதை எங்களிடம் சொல்ல அவருக்குப் பயம்.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"இருங்க அத்தா, வரேன்."

உள்ளே போய் மண்பானையிலிருந்து ஒரு சொம்பு குடிதண்ணீர் எடுத்து வந்தேன். முதலில் என் கையில் ஊற்றிப் பார்த்தேன். பிறகு அவர் காலில் மெதுவாக ஊற்றினேன். புதுத்தோல் சிவந்திருந்ததே தவிர, ஒன்றும் ஆகவில்லை.

இந்தமுறை அத்தா காலைப் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் ஜில்லுன்னு இருக்கு அத்தா," என்று நானே சொன்னேன்.